எல்-4, எல்-5: பெரம்பூரிலிருந்து ஜீரோ கேட் வரை

ஆவடியிலிருந்து மின்ரயிலில் வருகிறவர்களுக்கு வில்லிவாக்கம் தாண்டியதும் பெரம்பூர் என்ற பெயரிலேயே மூன்று நிலையங்கள் வரிசையாக வரும். முதலில் லோகோ ஒர்க்ஸ், அடுத்து கேரேஜ் ஒர்க்ஸ், கடைசியில் பெரம்பூர். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் இங்கே பட்டறை போட்டது. 1955 அக்டோபர் 2 அன்று ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். பின்னி மில்லின் சங்கு தொண்ணூறுகள் வரை ஊதிக்கொண்டிருந்தது. ரயில் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பற்றவைத்தவர்கள், தறிக்கு முன்னால் நாள் முழுக்க நின்றவர்கள், மூட்டை சுமந்தவர்கள் என்று உடம்பை முதலாகப் போட்டுப் பிழைத்த ஊர் இது. எங்கள் தெருவில் பல வீடுகளில் சட்டை மாட்டும் ஆணியில் ஓர் இடுப்பு பெல்ட்டும் தொங்கும்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, டிரெய்லர் ஓட்டுகிறார். மணலி யார்டில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்குவார்; அங்கிருந்து வேறொன்றை ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஐம்பதை நெருங்குகிற அவருக்கு ஒரு வருடத்துக்கு மேலாக இடுப்பு வலி. கொஞ்ச நாளாக அது இடது தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்க ஆரம்பித்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "எல்-4, எல்-5 ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துது, இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம், காப்பீட்டு அட்டை இருக்கே, தள்ளிப்போட்டா கால் போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று இரவு அக்கா போன் செய்தாள். "தம்பி, நீ வந்து அவரை இன்னொரு இடத்துல காட்டு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் கூடப் போகலாம், கேட்கலாம், படித்துப் பார்க்கலாம். இப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பயணம். பெரம்பூரைச் சுற்றியே போனது. ஆனாலும் பிறந்து வளர்ந்த ஊரை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை.

கிளம்பும் முன்பே ஆலோசனைகள் குவிந்துவிட்டன. டீக்கடையில் இருந்த பெரியவர் புத்தூருக்குப் போகச் சொன்னார். பெரம்பூரிலேயே ரயில் ஏறலாம். திருப்பதி போகும் சப்தகிரி எக்ஸ்பிரஸ் இங்கே நின்று, அரக்கோணம், திருத்தணி வழியாகப் புத்தூரைத் தொட்டுத்தான் போகிறது. முறிந்த கை கால்களுக்கு மூலிகையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து மூங்கில் பட்டையால் கட்டுகிற ஊர். அந்தப் பெயரில் சென்னை முழுக்கப் பலகைகள் தொங்குகின்றன. ஆனால் அது முறிவுக்கான கட்டு. மாமாவுக்கு எலும்பு முறியவில்லை. நரம்பு அழுந்துகிறதா என்பதுதான் கேள்வி. அந்த ரயிலை விட்டுவிட்டு, கடற்கரை போகும் மின்ரயிலைப் பிடித்தோம்.

வியாசர்பாடி ஜீவா தாண்டி வண்ணாரப்பேட்டை வரும்வரை மாமா உட்காரவில்லை. இடம் இருந்தும் கதவோரக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "நின்னா தாங்குது மச்சான். உக்காந்தாதான் உயிர் போவுது." உட்கார்ந்தே சம்பாதிக்கிற மனிதர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு ஸ்கேன் அறிக்கையைவிட அதிகமாகப் புரிந்தது.

ஸ்டான்லி மருத்துவமனையை வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்த இடம் இது. அன்று எலும்புப் பிரிவின் ஓ.பி. வரிசையில் எங்களுக்கு முன்னால் காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் ஓர் அம்மா, கொத்தவால்சாவடியில் மூட்டை இறக்கும் இருவர், பஸ் கண்டக்டர் ஒருவர். எல்லார் கையிலும் பெரிய உறையில் ஃபிலிம். உட்கார பெஞ்சு இருந்தது. ஆனால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர்களுக்கும் மாமாவின் வலிதான் போல.

உள்ளே இருந்த இளம் டாக்டர் ஃபிலிமை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதல்ல நடங்க ஐயா" என்றார். குதிகாலில் நடக்கச் சொன்னார். பிறகு நுனிக்காலில். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் மாமா பல்லைக் கடித்தார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் அதை அழுத்திப் பார்த்தார். அழுத்தத்தைத் தாங்கி விரல் நின்றது. "பலம் இருக்கு" என்று சீட்டில் எழுதினார். அடுத்து வந்தவை, ஒரு வருடமாக யாரும் மாமாவிடம் கேட்காத கேள்விகள்: மூத்திரம் போவதில் சிரமம் உண்டா, அடக்க முடியாமல் போகிறதா, மலம் கழிக்கும்போது உணர்வு இல்லாமல் போகிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, கால் நாளுக்கு நாள் பலம் இழக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் மாமா. இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், அப்புறம் நாள் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். நான் அதை என் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் அந்த ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு கேட்டது காய்ச்சலைப் பற்றி. மாலையில் உடம்பு சுடுகிறதா, எடை குறைந்ததா, பசி எப்படி? இவை காசநோய்க்கான கேள்விகள். முதுகெலும்பில் காசநோய் வந்தால் அதுவும் முதலில் வெறும் முதுகு வலியாகத்தான் தலைகாட்டும். இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதற்கும் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடுவதற்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. பின்னாளில் அதே மையம் முதுகெலும்புக் காசநோயை எடுத்துக்கொண்டது. 304 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நோயுற்ற எலும்பை வெட்டியெடுத்து ஒட்டு வைக்கும் பெரிய ஆபரேஷனும் 6 மாத மருந்தும். மற்ற இரண்டு பிரிவுகளுக்குக் கத்தியே படாமல், நடமாடிக்கொண்டே 6 மாதமோ 9 மாதமோ மருந்து மட்டும். 10 ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது நல்ல நிலையில் இருந்தவர்கள், ஆபரேஷன் பிரிவில் 90 சதவீதம், மருந்துப் பிரிவுகளில் 94, 99 சதவீதம். 1999-ல் இந்த முடிவு அச்சில் வந்தது.

மாமாவின் நோய் வேறு. காசநோய்க் கணக்கை அவர் இடுப்புக்குப் பொருத்த முடியாது. ஆனால் ரயிலில் திரும்பும்போது இதை அவரிடம் சொன்னேன். ஆபரேஷன் பெரிய வைத்தியம், மாத்திரையும் பயிற்சியும் சின்ன வைத்தியம், பெரிய வைத்தியத்தை மறுப்பது கோழைத்தனம் என்றொரு எண்ணம் அவர் மனதில் ஊறியிருந்தது. எது பெரிது என்பதை முன்கூட்டியே முடிவுகட்டாமல், நோயாளிகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள் என்பது அவருக்குத் தெம்பு தந்தது.

ஃபிலிமுக்கு வருகிறேன். டாக்டர் அதைக் கடைசியில்தான் விளக்குப்பெட்டியில் செருகினார். பிதுக்கம் இருந்தது. "இதே படத்தை வலியே இல்லாத ஐம்பது வயசுக்காரருக்கு எடுத்தாலும் இப்படி வரலாம்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வலி எதுவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வொன்றில், ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். ஆக, ஸ்கேனில் தெரிவதும் உடம்பில் வலிப்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. படம் சொல்வதைக் கால் சொல்வதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாமாவின் விஷயத்தில் கால் வலியும் படமும் ஒத்துப்போனதால் நரம்பு அழுந்துவது உண்மைதான் என்றார் டாக்டர். ஆனால் பலம் குறையவில்லை. அதனால் அவசரம் இல்லை.

அப்படியானால் ஆபரேஷன் எப்போது? நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்து 2007-ல் முடிவு வந்தது. கால்வரை இறங்கும் கடுமையான வலி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறுபாதிக்குப் பொறுத்திருந்து வைத்தியம், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி சீக்கிரம் அடங்கியது. அதை மறுக்க முடியாது. பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பின்னால் எப்படியும் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆனால் ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். நான் இதைப் படிக்கிற விதம் இது: பலம் குறையாதவரை, ஆபரேஷன் என்பது வேகத்தை வாங்குவது. வலி தூங்கவிடவில்லை, வேலை போய்விடும் என்றால் அந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு. பயத்தை வைத்து மட்டும் அதை விற்கக் கூடாது. இன்னொன்று, ஆபரேஷனால் கால் வலிக்குக் கிடைக்கும் நிவாரணம் இடுப்பு வலிக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. மாமாவுக்கு இடுப்பு வலிதான் பழையது, பெரியது.

பணக் கணக்கும் பார்த்தோம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆபரேஷன் இலவசமாக முடியலாம். ஆனால் முடிந்த பிறகு வீட்டில் இருக்கும் வாரங்களுக்கு யார் கொடுப்பது? இ.எஸ்.ஐ. இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. பெரம்பூரிலிருந்து நடக்கிற தூரத்தில் அயனாவரத்தில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. மாமாவுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா. வண்டி ஓடாத நாள் கூலி இல்லாத நாள். இலவச ஆபரேஷன், சம்பளமில்லாத ஓய்வு. இந்த இரண்டும் ஒரே தராசில் ஏறும்போது ஏழைக்கு எந்தப் பக்கம் தாழும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதில்லை.

ஸ்டான்லி டாக்டர் எழுதிக்கொடுத்தது கொஞ்ச நாளுக்கு வலி மாத்திரை, பிசியோ, ஆறு வாரம் கழித்து மறுபடி ஓ.பி. அவ்வளவுதான். மாமாவின் முகம் தொங்கிப்போனது. ஊசி கூடப் போடவில்லையே என்று.

பிசியோ கூடத்தில் எல்லாரும் கேட்டது கரண்ட். "எனக்குக் கரண்ட் வைம்மா, நேத்து வெச்சது நல்லா இருந்துச்சு" என்று ஓர் அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தபடியே கையைப் பிடித்து அவரைப் பாயில் படுக்கவைத்தார். மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவை மூன்றே பயிற்சிகள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி, மூச்சை அடக்காமல் பத்து எண்ணி இறக்குவது. கையும் முழங்காலும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்டி, முதுகு ஆடாமல் நிறுத்துவது, பிறகு மாற்றி. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் நிமிர்த்துவது. இரண்டாவதில் மாமாவின் முழங்கை நடுங்கியது. முப்பது டன் கன்டெய்னரை இழுக்கிற கை. "முதுகைத் தாங்குற சதை தூங்கிப்போச்சு அண்ணா. அதை எழுப்பணும். மாத்திரையால எழுப்ப முடியாது" என்றார் அந்தப் பெண். கடைசியாகப் படுக்கையிலிருந்து எப்படி எழுவது என்று காட்டினார்: முதலில் பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அதுவரை மாமா தினமும் விருட்டென்று நேராக எழுந்துகொண்டிருந்தார்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முறையாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. உலகில் 2020-ல் மட்டும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாத வலி. அவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பரிந்துரைப்பது, வலியைப் பற்றி விளக்கிச் சொல்வது, முறையான உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில கை வைத்தியங்கள், பயத்தையும் சோர்வையும் கையாள மனநல ஆலோசனை, தேவைக்கு வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை. பெல்ட், வெயிட் கட்டி இழுக்கும் ட்ராக்ஷன், அல்ட்ராசவுண்ட், பட்டை ஒட்டிக் கரண்ட் வைக்கும் டென்ஸ், ஓபியாய்டு மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எங்கள் தெருவின் ஆணிகளில் தொங்கும் பெல்ட்டுகள் அத்தனையும் என் கண்ணில் வந்து போயின. சோதிக்கப்பட்ட வைத்தியம் இவ்வளவு சாதாரணமாக இருப்பது நோயாளிக்கு ஏமாற்றமாகவே இருக்கும். பாயில் படுத்து இடுப்பைத் தூக்குவதற்கு ஒரு மனிதன் நம்பிக்கை வைக்க வேண்டுமென்றால், யாராவது உட்கார்ந்து ஏன் என்று பத்து நிமிடம் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் எந்த ஓ.பி.யிலும் கிடைக்காத மருந்து.

அடுத்த பயணம் அரும்பாக்கம். அக்காவின் பிடிவாதம். அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையின் சித்தப் பிரிவில் நுழைந்ததுமே எண்ணெய் வாசம் சட்டையில் ஏறிக்கொண்டது. அங்கிருந்த வைத்தியரும் மூத்திரத்தைப் பற்றியும் காலின் பலத்தைப் பற்றியும் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார் என்பது எனக்கு நிம்மதி தந்தது. தொக்கணம் கொடுத்தார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று சித்த மருத்துவம் தொக்கணத்தை ஒன்பது வகையாகச் சொல்கிறது. மாமாவுக்குச் செய்தது அவற்றில் இரண்டு மூன்றுதான். சூடான தைலத்தை இடுப்பிலும் தொடையின் பின்பக்கமும் தடவி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கீழிறங்கினார்கள். பிறகு துணி முடிச்சில் ஒற்றடம். அன்று இரவு அவர் இடையில் எழாமல் தூங்கினார் என்று அக்கா சொன்னாள்.

இதை நான் லேசாகச் சொல்லவில்லை. தூக்கம் இல்லாத உடம்பு பயிற்சி செய்யாது. தைலமும் கையும் சூடும் வலியைத் தற்காலிகமாகத் தணித்தாலும், அந்த இடைவெளியில் உடம்பு அசையும். அந்த அளவில் அரும்பாக்கமும் ஸ்டான்லியும் ஒன்றுக்கொன்று பகையில்லை. என் பயமெல்லாம் மூன்றாவது ஒரு வகையைப் பற்றி: பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சூரணம், "மூணே நாள்ல ஜவ்வு உள்ள போயிடும்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள். அந்தப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் மூன்று நாளில் வலி பறந்துதான் போகும்; சர்க்கரையும் எலும்பும் பின்னால் கணக்குத் தீர்க்கும். லேபிள் இல்லாத எதையும் வாயில் போட வேண்டாம் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒன்று விளங்கவில்லை. பயிற்சி செய்கிறார், நடக்கிறார், தூங்குகிறார். டிரிப் போய் வந்த மறுநாள் மறுபடி குனிய முடியவில்லை. அப்போதுதான் அவரோடு வண்டியில் ஏறினேன்.

மணலியில் கன்டெய்னர் ஏறியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கேபினுக்கு ஏற இரண்டு படி; இரண்டாவது படிக்கும் இருக்கைக்கும் நடுவே உடம்பை முறுக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் சீட்டில் ஃபோம் நடுவில் குழிந்து கீழே தகடு தட்டியது. குழியை நிரப்ப மடித்த கோணிப்பையும், அதன்மேல் ஒரு பழைய தலையணையும். முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறியதும், ஒவ்வொரு பள்ளமும் சக்கரத்திலிருந்து தகடு வழியாக நேராக இடுப்புக்கு வந்தது. பக்கத்து சீட்டில் எனக்கே பல் கிட்டித்தது. லாரி, டிரெய்லர் ஓட்டுநர்களுக்கு இடுப்பு வலி அதிகம் வருவதற்கு இப்படி உடம்பு முழுக்க ஏறும் அதிர்வு ஒரு காரணம் என்பது தொழில்சார் மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். நல்ல சஸ்பென்ஷன் உள்ள சீட் அதைக் குறைக்கும்.

பிறகு கியூ. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு பக்கம் கடல், கற்கள் கொட்டிய கரை, மறுபக்கம் வீடுகள். வண்டி பத்தடி நகரும், நிற்கும். இறங்கி நடக்கலாமா என்றால், முன்வண்டி நகர்ந்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதால் மாமா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். இருட்டி, காசிமேட்டு விளக்குகள் எரியத் தொடங்கி, மீன் ஏலத்துக்கான சத்தம் கேட்கும் நேரம் வரை அங்கேயே இருந்தோம். உட்கார்ந்தால்தான் உயிர் போகிற மனிதர் உட்கார்ந்தே இருந்தார். பிசியோ கூடத்தில் அவர் காலையில் சேர்த்ததை அந்த சீட் மாலையில் எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்திருந்தாலும் இதே சீட்டுக்குத்தான் திரும்பி வந்திருப்பார்.

கியூவில் இறங்கி முன்னும் பின்னும் நின்ற ஓட்டுநர்களிடம் பேசினேன். இடுப்பு எப்படி என்று கேட்டதும் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டியவர்கள் பலர். துறைமுகத்துக்குள் மூட்டை தூக்குகிறவர்களுக்காவது எடைக்கு ஒரு அளவு பேசப்பட்டிருக்கிறது; சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும், குழிந்த சீட்டுக்கும், கியூவில் போகும் இரவுக்கும் அப்படி ஓர் அளவு உண்டென்று அங்கிருந்த யாரும் கேள்விப்பட்டதில்லை.

திரும்பும்போது மாமாவிடம் 1918-ஐப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய தாத்தா பின்னி மில் தொழிலாளி. அந்த ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெரம்பூரில் தொடங்கினார்கள். அப்போதைய மில் தொழிலாளர்களின் குறைகளில் முக்கியமான ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, சாப்பிட்டு, ஓடிவந்து மறுபடி நிற்க வேண்டும். உடம்புக்கு ஓய்வு கேட்டு சங்கம் கட்டிய ஊரில்தான் நாம் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். மாமா கியரை மாற்றிவிட்டு, "சீட்டை மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட நான் ஒருத்தன் கேட்டா, வேற டிரைவர் பாத்துக்குறேன்னுவாரு. பத்துப் பேர் கேட்டா?" என்றார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவாகவில்லை; இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. ஆறு வாரம் கழித்து ஓ.பி.க்குப் போனோம். அதே டாக்டர் மறுபடி கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார், பலம் குறையவில்லை. காலை முன்னைவிட உயரமாகத் தூக்க முடிந்தது. கெண்டைக்கால் வலி குறைந்திருக்கிறது, இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. விடியற்காலையில் பேரக்ஸ் சாலையில் நடக்கிறார். நடையைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்து 2024-ல் வெளியான ஆய்வை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்: இடுப்பு வலியிலிருந்து தேறியவர்களில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர நடுவாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். அதற்குப் பிறகு அக்காவும் கூடவே நடக்கிறாள். காலில் பலம் குறைந்தாலோ மூத்திரம் சிக்கலானாலோ யோசிக்காமல் ஸ்டான்லி, வலி தாங்க முடியாமல் நீடித்தால் ஆபரேஷனைப் பற்றி மறுபடி பேசுவது என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். சுவரொட்டி வைத்தியரின் எண்ணை அக்கா போனிலிருந்து அழித்துவிட்டாள்.

மணலி யார்டில் பதினேழு ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனுவை எழுதிக்கொடுக்கும் வேலை என்னுடையது. சஸ்பென்ஷன் சீட் முதல் கோரிக்கை. கியூ நிற்கும் சாலையோரத்தில் கழிப்பறையும் தண்ணீரும், வண்டியை விட்டு இறங்கி நடக்கும்படி டோக்கன் முறையும் இரண்டாவது. இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பது மூன்றாவது. பிசியோவுக்குப் போகும் நாளில் டிரிப் தராமல் பழிவாங்கக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொல்லி நேற்று மாமா போன் செய்தார். அதை நான்காவதாக எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.